நாலு மணி ஜன்னல்

எனக்கு பாஸ்போர்ட் கிடையாது. ஆனாலும் போன ஜூன் மாதம் வெளிநாடு போய்வந்தேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குன்னூரில் பிறந்து, குன்னூரிலேயே ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக ஃபைல் கட்டுகிறவளுக்குக் காரைக்கால் வெளிநாடு இல்லாமல் வேறென்ன? தமிழ்நாட்டில் ஓடிக்கொண்டிருந்த பஸ் ஒரு வளைவைத் தாண்டியதும் பாண்டிச்சேரி மாநிலம் வரவேற்கிறது என்று பலகை வந்தது. கண்டக்டரிடம் ஏதாவது காட்ட வேண்டுமா என்று கேட்டேன். "டிக்கெட்ட காட்டினா போதும்ங்க" என்றார்.

ஏ.சி. பஸ்ஸிலிருந்து இறங்கின அந்த நொடியில் என் மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. எங்கள் ஊரில் பனியில் மங்கும். இங்கே வெயிலில் மங்குகிறது! துடைத்தேன், மறுபடி மங்கியது. முந்தானையும் அதற்குள் ஈரமாகிவிட்டதால் எதைக்கொண்டு துடைப்பது என்று தெரியவில்லை. கத்திரி வெயில் முடிந்து பத்து நாள் ஆகிவிட்டதென்று காலண்டர் சொன்னது. அதை யாரும் வெயிலுக்குச் சொல்லவில்லை போல.

என் பையில் இரண்டு கிலோ வர்க்கி, கொஞ்சம் கேரட், நானே பின்னின மஞ்சள் கம்பளித் தொப்பி ஒன்று, அதற்குப் பொருத்தமாகக் கையகல ஸ்வெட்டர் ஒன்று. என் மகள் நித்யாவுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே? லீவு கிடைக்கவில்லை, லீவு கிடைக்கவில்லை என்று எட்டு மாதமும் அங்கேயே இருந்துவிட்டாள். போதும் என்று நானே கூட்டிப்போக வந்துவிட்டேன். வியாழக்கிழமைக்குக் கார் சொல்லியிருந்தேன்.

ஒளிப்பானேன், இந்தக் கல்யாணத்தில் எனக்கு இஷ்டமில்லை. காரைக்காலுக்கு வேளாண்மை படிக்க வந்தவள், படித்து முடித்து, இங்கேயே வேலை தேடி, பக்கத்துக் கடற்கரை ஊரான மண்டபத்தூரில் போட் இன்ஜின் மெக்கானிக்காக இருக்கிற பிரகாஷைக் கட்டிக்கொண்டாள். நான் கல்யாணத்துக்கு வந்தேன், கை நனைத்தேன், அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன். அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை.

மண்டபத்தூருக்கு ஆட்டோ பிடித்தேன். உட்கார்ந்ததும் எழுந்துவிட்டேன். சீட் அப்படிச் சுட்டது. டிரைவர் திரும்பிப் பார்த்து, ஒரு ஈரச் சாக்கை எடுத்து விரித்தார். "இப்ப உக்காருங்க. வெளியூரா?" என்றார். குன்னூர் என்றேன். "அய்யய்யோ, ஊட்டிப் பக்கமா? இந்த மாசத்துல நாங்கள்லாம் அங்க வருவோம், நீங்க இங்க வந்திருக்கீங்க" என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நித்யா வாசலில் நின்றாள். முகம் வாடி, கால் வீங்கி, வயிறு மட்டும் முன்னால் வந்து நின்றது. என்னைக் கட்டிக்கொண்டபோது இரண்டு பேர் வேர்வையும் ஒன்றாகிவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வேக்காட்டில் என் பெண்ணை விட்டுவைத்திருக்கிறேனே என்று என்மேலேயே கோபம் வந்தது.

சம்பந்தி தமயந்தி பதினொரு மணிக்கு வந்தாள். வீட்டுக்காரர் இல்லை, இறந்து பல வருஷமாகிறது. காரைக்கால் டவுனில் கோவில்பத்துத் தெருக்களில் மீன் விற்றுத்தான் பிரகாஷை வளர்த்தாள். கூடையை இறக்கி வைத்து, முகம் கழுவி, "வாங்க சம்பந்தி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். தொப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதப் போட்டா புள்ள தலையில முட்டை வெந்துடும்ங்க."

நித்யா சிரித்தாள். நான் தொப்பியை வாங்கி மறுபடி பைக்குள் போட்டேன். சாயங்காலம் டீக்கு வர்க்கியைப் பிரித்தேன். எங்கள் ஊரில் தொட்டாலே நொறுங்குகிற வர்க்கி, இங்கே மடித்தால் மடிகிறது. சம்பந்தி ஒன்றை டீயில் நனைக்காமலே தின்று, "நல்லா மெத்துமெத்துன்னு இருக்குங்க" என்றாள். கிண்டலா, நிஜமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை டவுனில் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். கார்ப் பயணத்துக்குச் சரி என்று ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் போதும் என்பது என் கணக்கு. ஸ்கேன் பார்த்தவர் என் கணக்கைக் கேட்கவே இல்லை. நித்யாவிடம், "தண்ணி குடிக்கிறியா இல்லியா?" என்றார். வெயிலில் குடித்தாலும் குமட்டுகிறது என்றாள்.

"பனிக்குடத் தண்ணி குறைஞ்சிருக்கு. குழந்தை நல்லா இருக்கு, பயப்படாதீங்க. ஆனா இப்படியே குறைஞ்சா நான் காத்திருக்க மாட்டேன். அட்மிட் பண்ணி எடுத்துடுவேன். சனிக்கிழமை வாங்க. அதுக்குள்ள ஒரு நாளைக்கு மூணு லிட்டர் உள்ள போகணும், உடம்பு சூடாகக் கூடாது."

"அதுக்குத்தான் டாக்டர், குன்னூருக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க ஃபேனே கிடையாது" என்றேன்.

"பத்து மணி நேரம் கார்ல, மலைப்பாதையிலயா? வேணாம்மா. இங்கயே வச்சுப் பாத்துக்கங்க."

வெளியே வந்து காருக்குப் போன் பண்ணி வேண்டாமென்று சொன்னேன். இன்னும் ஒரு மாதம் வயிற்றிலிருக்க வேண்டிய குழந்தை. சனிக்கிழமைக்கு நான்கு நாள்.

அன்று மாலையே சம்பந்தி ஃப்ரிட்ஜ் கதவில் கோலப்பொடியைக் குழைத்து ஒரு கோடு போட்டாள். ஒரு லிட்டர் பாட்டில் காலியானால் ஒரு கோடு, நாளைக்கு மூன்று. இளநீர், மோர், பழைய சோற்றுத் தண்ணீர், நன்னாரி எல்லாம் சேர்த்தி. பிரகாஷ் துறைமுகத்திலிருந்து வந்தவுடன் கைகூடக் கழுவாமல் ஃப்ரிட்ஜ் கதவைத்தான் பார்ப்பான். மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகிறது, போட்டெல்லாம் ரிப்பேருக்கு நிற்கிறது, அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை. இன்ஜின் அறைக்குள் இருக்கிற சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். "வெளிய வந்தா ஜிலுஜிலுன்னு இருக்கும் அத்தே" என்பான். வெளியே இருந்தது அதே வெயில்தான்.

புதன்கிழமை நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லித்தான் ஆகவேண்டும்.

சாப்பிட்டுவிட்டு நித்யா தூங்கினாள். சம்பந்தி கடற்கரையில் காயப்போட்டிருந்த கருவாட்டை அள்ளப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். மணி நாலு அடித்தது. எங்கள் ஊரில் நாலு மணி என்றால் எல்லா வீட்டிலும் ஜன்னலைச் சாத்துவார்கள். சாத்தாவிட்டால் மேகம் உள்ளே வந்து துணியெல்லாம் ஈரமாகும், பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும். நான் நினைத்துச் செய்யவில்லை. கை தானாகப் போய் ஆறு ஜன்னலையும் கொல்லைக் கதவையும் சாத்திவிட்டது. போதாதென்று, போனில் யாரோ அனுப்பியிருந்தது ஞாபகம் வர, ஒரு போர்வையை நனைத்து நித்யா கட்டிலருகே கொடியில் வேறு போட்டேன். குளிர்ச்சிக்காம்!

அரைமணி நேரத்தில் அறை இட்லிப் பானையாகிவிட்டது. போர்வை சொட்டிக்கொண்டே இருந்தது. வேர்வையே காயாத ஊரில் ஈரத்துணி எங்கே காயும்? நித்யா எழுந்து உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது. "அம்மா, கண்ணக் கட்டுது" என்றாள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, ஃபேனைக் கூட்டுவதா, தண்ணீர் எடுப்பதா என்று தவித்தேன்.

அப்போது சம்பந்தி கருவாட்டுக் கூடையோடு வாசலில் வந்து நின்றாள். ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"என்ன சம்பந்தி, புள்ளைய அவிச்சு எடுக்கப் போறீங்களா?"

கூடையைப் போட்டாள், கருவாடு சிதறியது. படார் படாரென்று ஆறு ஜன்னலையும் திறந்தாள். போர்வையை உருவிக் கொல்லையில் எறிந்தாள். "காத்துலயே இம்புட்டு தண்ணி கெடக்கு, நீங்க வேற ஊத்துறீங்க!" என்றாள். கிழக்கு ஜன்னல் வழியாகக் கடல்காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. தினமும் அது வருகிற நேரம்தான். வாசலுக்கு வந்த காற்றின் முகத்தில் நான் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

எலுமிச்சம்பழம், உப்பு, சர்க்கரை போட்டு இரண்டு டம்ளர் குடித்த பிறகு நித்யாவுக்கு முகம் தெளிந்தது. வயிற்றில் கையை வைத்து, "உதைக்குதும்மா" என்றாள். நான் அடுக்களையில் போய் நின்று அழுதேன். சம்பந்தி சண்டை போட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

சம்பந்தி பின்னாலேயே வந்தாள். கொஞ்ச நேரம் பாத்திரத்தை உருட்டினாள். பிறகு, "ஏங்க, எதுக்குச் சாத்துனீங்க?" என்று கேட்டாள்.

"பழக்கம். நாலு மணிக்குச் சாத்தலன்னா எங்க ஊர்ல மேகம் உள்ள வந்துடும்."

"மேகமா?"

"மேகந்தான்."

"வானத்துல போவுதே, அதா? வீட்டுக்குள்ளயா?"

"ஆமா. எதிர்ச் சுவர் தெரியாது."

வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், நானும் அழுகையோடு சிரித்துவிட்டேன். மறுநாள் காலைக்குள் மண்டபத்தூர் முழுக்கத் தெரிந்துவிட்டது, எங்க சம்பந்தி வீட்டுக்குள்ள மேகம் வருமாம் என்று. தெருக்குழாயில் ஒரு பெண் என்னிடம், "வந்தா எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று விருந்தாளியை விசாரிப்பது போல விசாரித்தாள்.

வியாழக்கிழமை காற்று ஏமாற்றியது. இந்த ஊர்க்காரர்கள் காற்றைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். "கச்சான் விடல, கொண்டல் எறங்கல" என்று வாசலில் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள். சம்பந்தியிடம் அர்த்தம் கேட்டு உங்களுக்கும் சொல்கிறேன். கச்சான் என்றால் நிலத்தின் மேலாகச் சூட்டை வாரிக்கொண்டு வருகிற மேற்குக் காற்று. கொண்டல் கடலிலிருந்து வருவது. கச்சான் முரண்டு பிடித்தால் கொண்டல் கரையேறாது. அன்று மூன்று மணிக்கும் கச்சான்தான். போதாக்குறைக்குக் கரண்டும் போனது. கோடு அப்போது ஒன்றுதான். நித்யா இரண்டாவது பாட்டிலைப் பாதியில் வைத்துவிட்டு, "முடியலம்மா, எதுக்களிக்குது" என்றாள்.

சம்பந்தி யோசிக்கவே இல்லை. "எந்திரி, கூடத்துக்குப் போவோம்" என்றாள்.

கூடம் என்றால் கடற்கரையோரம் இருக்கிற வலை பின்னும் கூடம். சுவர் கிடையாது, தூண்களும் உயரமான கூரையும்தான். முப்பது ஆண்கள் தரையில் வலையைப் பரப்பி உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வந்து உட்காருகிற இடமில்லை என்பது எங்களைக் கண்டதும் அங்கே விழுந்த மௌனத்திலேயே தெரிந்தது. சம்பந்தி வாசலிலேயே நின்று, "புள்ளத்தாச்சிங்க. வீட்டுல கரண்டு இல்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கிழக்கு மூலையில் இருந்த நாலு பேர் எழுந்தார்கள். கூடத்திலேயே நல்ல இடம் அது. விரித்து வைத்த வலையைச் சுருட்டி எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று எனக்கு இப்போது தெரியும், முனகாமல் சுருட்டி மேற்கே போனார்கள். ஒருவர் பழைய வலையை நாலாக மடித்து மெத்தை போலப் போட்டுக்கொடுத்தார். இன்னொருவர், "இவங்கதான் மேகத்து ஊரா?" என்று சம்பந்தியிடம் மெதுவாகக் கேட்டார். எனக்குக் கேட்டுவிட்டது.

உட்கார்ந்தோம். எல்லாருடைய கையும் வலையில், கண் கரையில் நின்ற ஒரு படகின் கொடியில். கொடி கடலைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது. நான் பாட்டிலை நித்யா வாயருகே கொண்டுபோவதும் அவள் ஒரு வாய் குடிப்பதுமாக நேரம் போனது. நாலரை மணிக்குக் கொடி தொங்கிப்போனது. ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு கொடி லேசாக அசைந்து, சுற்றி, எங்களைப் பார்த்துத் திரும்பியது.

"எறங்கிட்டாண்டா கொண்டல்!" என்று யாரோ கத்தினார்கள். காற்று வந்து என் கழுத்தில் பட்டது. ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாகக் காற்றுக்கு நன்றி சொன்னேன், வாய்விட்டே சொன்னேன். நித்யா கண்ணை மூடிக்கொண்டு பாட்டிலைக் காலிசெய்தாள்.

வெள்ளிக்கிழமை நித்யாவுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்துவிட்டு, சம்பந்தியோடு கோவில்பத்துக்குப் போனேன். எப்படித்தான் சமாளிக்கிறாள் என்று பார்க்க ஆசை. தடைக்காலத்தில் பெரிய போட் போகாது, சின்னப் படகில் வருகிற நண்டும் மடவை மீனும்தான். ஐந்தரைக்கு முதல் பஸ். தெருவில் நிழல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து வீடுகளுக்கு முதலில். வெயில் திரும்பினால் அவளும் திரும்புவாள். எந்த வீட்டில் மரமோ அங்கேதான் கூடையை இறக்கிப் பேரம். பத்து மணிக்குக் கூடை காலியோ இல்லையோ, பஸ் ஏறிவிடுவாள். "அதுக்கு மேல நின்னா மீனும் கெட்டுடும், நானும் கெட்டுடுவேன்" என்றாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஆபீஸ் கிளம்பின ஒருவர் பைக்கை நிறுத்தி, "மருமகளுக்கு இன்னைக்கு எத்தன லிட்டரு?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஃப்ரிட்ஜ் கதவின் கோடு கோவில்பத்து வரை நீண்டிருந்தது.

சனிக்கிழமை ஆட்டோ பாதி வழியில் பஞ்சர். சுற்றிலும் அறுத்துப்போட்ட வயல், மணி ஒன்பதரை, வெயில் அதற்குள் மண்டையைப் பிளந்தது. நல்லவேளையாகச் சாலையோரத்தில் தார்ப்பாயைக் கட்டி ஒரு பெண் நுங்கு சீவிக்கொண்டிருந்தாள். நித்யாவைப் பார்த்ததும் தன் ஸ்டூலைத் தந்துவிட்டு, வியாபாரத்தை நிறுத்தி, பனைமட்டையால் விசிறத் தொடங்கிவிட்டாள். "எத்தனாவது?" என்றாள். முதல் என்றேன். "அப்ப இளசா தரேன்" என்று ஆறு நுங்கு சீவினாள். சம்பந்தி ஆறையும் எண்ணி, "இதுவும் அரைக் கோடுதான்" என்றாள். டிரைவர் சக்கரத்தை மாட்டி முடிக்கிற வரைக்கும் எனக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. குறைந்திருந்தால் இன்றைக்கே அட்மிஷன். புதன்கிழமை நான் சாத்தின ஜன்னல்தான் காரணமாகும்.

டாக்டரம்மா ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சம்பந்தியின் கையைப் பிடித்திருந்தேன். யார் முதலில் பிடித்தது என்று தெரியாது.

"ஏறியிருக்கு. நல்லாவே ஏறியிருக்கு. என்ன பண்ணீங்க?"

"கோடு போட்டோம்ங்க" என்றாள் சம்பந்தி.

வெளியே வந்ததும் நித்யா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஊருக்குக் கூட்டிட்டுப் போக முடியலன்னு வருத்தமாம்மா?" என்றாள். செவ்வாய்க்கிழமை கொல்லுகிற வருத்தம், இப்போது இல்லை என்று உண்மையைச் சொன்னேன். அங்கேயே நின்று எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் போன் செய்து, பள்ளி திறந்தாலும் ஒரு மாதம் வரமாட்டேன் என்றேன். "அந்த வெயில்ல எப்படி இருக்கீங்க?" என்று பதறினார்கள். பத்து மணிக்குள் வேலையை முடித்துவிடுகிறேன், நாலு மணிக்கு ஜன்னலைத் திறக்கிறேன் என்று சொன்னேன்.

தடைக்காலம் முடிந்து, போட்டெல்லாம் கடலுக்குப் போய், பிரகாஷ் கை கிரீஸைக் கழுவி முடித்த இரண்டாவது வாரத்தில் நித்யாவுக்கு வலி எடுத்தது. கத்தி படவில்லை. காலை எட்டு மணிக்கு நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப்பார்த்து, "பையன். ஏ.சி. ரூம்ல இருக்கான். தலைக்குத் தொப்பி எதாச்சும் கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

நான் கையைப் பிசைந்தேன். அந்தத் தொப்பியை வெட்கப்பட்டுப் பையின் அடியில் தள்ளி எத்தனையோ நாளாகிறது. சம்பந்தி தன் பையைத் திறந்து மஞ்சள் தொப்பியை எடுத்து நீட்டினாள். துவைத்து, மடித்து வைத்திருந்தாள்.

"போன வாரமே எடுத்து அலசிட்டேங்க. காய மூணு நாளாச்சு" என்றாள்.

சாயங்காலம் தாயையும் பிள்ளையையும் வார்டில் விட்டார்கள். ஜன்னலோரக் கட்டில். நித்யா தூங்குகிறாள், அவளருகே மஞ்சள் தொப்பிக்குள் ஒரு உள்ளங்கையளவு முகம். சம்பந்தி அவனைக் குனிந்து பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், மணி நாலு. வெளியே கொண்டல் இறங்கி வேப்பமரம் ஆடத் தொடங்கியது. அவள் சட்டென்று எழுந்துபோய், "பச்சப்புள்ளைக்குக் காத்து ஆவாதுங்க" என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"என்ன சம்பந்தி," என்றேன் நான், "பேரனை அவிச்சு எடுக்கப் போறீங்களா?"

எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன்.